காற்று திரும்பிய பிறகு காட்டும் வீடு

அன்பு மகளுக்கு,

இங்கே உடம்பளவில் எல்லோரும் நலம், உனக்கு உடம்போடு மனசும் நலமாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே எழுத உட்கார்ந்தேன். இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா, முகம் கழுவிய ஈரம் காயுமுன் கடற்கரைத் தெருவுக்குப் போய், நீலக் கதவு வீட்டின் படுக்கையறையில் மண்டியிட்டுச் சுவரில் இருந்த பூஞ்சையைச் சுரண்டினேன். அலமாரியை நகர்த்தியதும் அதன் பின்னால் ஆள் உயரத்துக்குக் கருகருவென்று படர்ந்திருந்தது, தொட்டால் மழையில் நனைந்த நாயின் முதுகைத் தொட்ட மாதிரி. தகட்டை வைத்து இழுத்தால் பூஞ்சையோடு பெயிண்டும் தோல்தோலாக உரிந்து வருகிறது, வெள்ளைக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே இளம்பச்சை, அதற்கும் கீழே குழந்தைகள் அறைக்கு அடிக்கிற ரோஸ். ஒவ்வொரு நிறமும் ஒரு குடும்பம், இனி எங்கேயும் போகப்போவதில்லை என்று ஆசை ஆசையாக நிறம் பார்த்து அடித்துவிட்டு, ஒரு மழைக்காலம் முடிந்ததும் யாரிடமாவது தள்ளிவிட்டால் போதும் என்று ஓடிய குடும்பம். அந்த ரோஸைப் பார்த்ததும் தகட்டைக் கீழே வைத்துவிட்டேன். முகத்தில் துணி கட்டிக்கொண்டு பிளீச்சிங் தண்ணீர் தெளித்து, தேய்த்து, துடைத்து, காய்ந்ததும் அடிப்பூச்சும் அடித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவியும் விரல் நுனியில் அந்த நாற்றம் போகவில்லை, இந்தக் காகிதத்திலும் இருக்கும், முகர்ந்து பார்க்காதே.

பூச்சு வேலை அப்பாவுடையது ஆயிற்றே, நீ ஏன் போனாய் என்று கேட்பாய். அப்பாவுக்கு நேற்றுக் காலை கடைவாய்ப் பல் பிடுங்கியிருக்கிறது, ஒரு பக்கக் கன்னம் பந்து மாதிரி வீங்கிக் கிடக்கிறது, நான் போகாவிட்டால் அந்த முகத்தோடு அவர் கிளம்பியிருப்பார். பஞ்சை வாயில் வைத்துக்கொண்டு பேச முடியாவிட்டாலும் சும்மா இருக்கிறாரா, ஜாடை காட்டியே என்னைத் திட்டுகிறார், இந்தச் சத்தமில்லாத திட்டு இனிமேலும் இப்படியே இருக்கட்டும் போலத் தோன்றுகிறது. இப்போது தூங்குகிறார், அதனால்தான் எழுத முடிகிறது. போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ கூப்பிட்டாலே "ஸ்பீக்கர்ல போடு, ஸ்பீக்கர்ல போடு" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். இது அவர் காதில் விழக் கூடாத விஷயம்.

உன் பெரியப்பாவின் வீட்டுத் தரகு ஆபீசில் வீடு காட்டும் வேலைக்கு நான் சேர்ந்தது, நீ ஊரை விட்டுப் போய், நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தையும் மூடிய பிறகு, அதனால் உனக்கு உள்விவரம் அவ்வளவாகத் தெரியாது. உனக்கு இந்த ஊர் என்றால் லீவுக்கு வரும் கூட்டமும் ஐஸ்கிரீம் வண்டியும். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் இது வேறு ஊர். பழம் பழுக்கிற மாதிரி இங்கே வீடு வாங்குவதற்கும் ஒரு பருவம் இருக்கிறது. கடல் அடங்கி வெயில் இதமாகும் மாதங்களில்தான் ஜனம் வருகிறது. வந்த புதிதில் யாரும் வீட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை, கடலைப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், முதுகு கறுக்க வெயிலில் கிடக்கிறார்கள். லீவு பாதி கழிந்ததும் மாலை நடையில் ஒவ்வொரு கேட்டாக எட்டிப் பார்க்கத் தொடங்குவார்கள், இதெல்லாம் என்ன விலை போகும் என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்பார்கள். பெட்டி கட்டுகிற வாரத்தில்தான் ஆபீசுக்குள் காலை வைப்பார்கள். "லீவு முடியுற வயித்தெரிச்சல்லதான் மனுஷன் கையெழுத்து போடுவான், அதுக்கு முன்னாடி விலையைச் சொல்லிக் கெடுத்துடாதீங்க" என்பது உன் பெரியப்பா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். ஆரம்பத்தில் சொல்லியிருந்தால் செருப்பைக்கூட மறந்துவிட்டு ஓடியிருக்கக்கூடிய விலையை, கடைசி வாரத்தில் தலையை ஆட்டி ஒப்புக்கொள்கிறார்கள். வீட்டுக்குப் போய்ப் பழைய வேலை, பழைய டிராபிக், பழைய மூஞ்சிகள் என்று நினைத்தாலே அவர்களுக்கு அழுகை வருகிறது, அந்த அழுகைக்கு நாங்கள் ஒரு கதவும் ஜன்னலும் வைத்து விற்கிறோம்.

இன்னொரு விதி, காலையில் யாருக்கும் வீடு காட்டக் கூடாது. இரவிலிருந்து காலைவரை காற்று தரைப்பக்கமிருந்து கடலைப் பார்த்துப் போகும், போகிற வழியில் மீன் கழிவை வேகவைத்துத் தீவனமாக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. எங்களுக்குப் பழகிவிட்டது, புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். விடுதிகள் எல்லாம் ஊரின் மறுமுனையில் இருப்பதால் லீவுக்கு வந்தவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை. வெயில் ஏறியதும் காற்று திரும்பிக் கடலிலிருந்து வீசும், அதற்கப்புறம்தான் எங்கள் சாவிகள் வெளியே வரும். யாராவது காலையிலேயே வந்து நின்றால், "சாவி ஓனர்கிட்ட இருக்கு சார், நீங்க சாப்பிட்டுட்டு மெதுவா வாங்களேன்" என்று நானே சொல்லியிருக்கிறேன், சாவி என் கைப்பையில் கிடக்கும்.

மழை தொடங்கினால் அந்தத் தெரு என்னவாகிறது என்று நீ பார்த்ததே இல்லை, பார்க்க நாங்கள் விட்டதும் இல்லை. கடல் ஏறிச் சாக்கடை வாய்க்காலை எதிர்த்துத் தள்ளும், குளியலறைத் துவாரம் வழியாகக் கறுப்புத் தண்ணீர் மேலே வரும். ஆலைப் புகை எழும்பிப் போக வழியில்லாமல் தெருவிலேயே படுத்துக்கொள்ளும். சுவரெல்லாம் உப்புப் பூக்கும், பூட்டுக்குள் சாவி போகாது, மடித்து வைத்த துணியில் கறுப்புப் புள்ளி விழும். மருந்துக்கடைக்காரன் ஷட்டரை இறக்கிவிடுவான், சீசனுக்கு வந்த டாக்டர் சீசனோடு போய்விடுவார். நம் குடும்பத்தில் யாராவது கடலைப் பார்த்த வீட்டில் இருக்கிறோமா யோசித்துப் பார், பெரியப்பா வீடும் சரி, நம் வீடும் சரி, மேட்டுப் பக்கத்தில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மழை பிடித்துக்கொண்ட பிறகுதான் ஆபீஸ் போன் ஓயாமல் அடிக்கும். "அண்ணே, எப்படியாவது வித்துக் குடுத்துடுங்கண்ணே" என்று சீசனில் சார் போட்டுப் பேச வைத்தவர்கள் கெஞ்சுவார்கள். "இப்ப எவன் சார் வாங்குவான், பார்ப்போம்" என்று துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் பெரியப்பா எங்களைப் பார்த்துக் கண்ணடிப்பார், "ஊறட்டும், இன்னும் ரெண்டு மழை நல்லா ஊறட்டும்." ஊறி நைந்து, கொடுப்பதைக் கொடு என்று அவர்கள் இறங்கி வந்ததும் தன் மச்சான் பேரில் வாங்கிப்போடுவார், அப்பா போய் வெள்ளையடிப்பார், அடுத்த சீசனில் நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன்.

இப்படிப் போய்ப் போய்த் திரும்பி வரும் வீடுகளுக்கு ஆபீசில் வைத்திருக்கும் பேர் வாழாவெட்டி. "அந்த மூத்த வாழாவெட்டியை இந்த வருஷம் எவன் தலையிலயாவது கட்டியாகணும்" என்று டீ குடித்துக்கொண்டே பேசுவார்கள், "எங்க கட்டிக் குடுத்தாலும் ஒரு மழை தாங்காம பொறந்த வீட்டுக்கு மூட்டையக் கட்டிட்டு வந்துடுறா" என்று மச்சான் எடுத்துக் கொடுப்பார், மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். அந்த அறையில் இருக்கும் ஒரே பெண் நான். இப்போதெல்லாம் அந்த வார்த்தை காதில் விழுந்தாலே வாயில் இருக்கும் டீ உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. நீலக் கதவு வீடுதான் அவர்கள் சொல்லும் மூத்தவள்.

வாங்க வருகிறவர்கள் எல்லாம் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். பாதிப் பேரைப் பார்த்தால் எனக்கு அதுவும் அருவருப்புதான். மணல் காலோடு கழுவித் துடைத்த தரையில் நடந்து, கழிப்பறையில் உட்கார்ந்தால் கடல் தெரியுமா என்று கேட்ட ஒரு வக்கீல் இருந்தார். எதிர்வீட்டுக்காரன் துணி காயப்போடுவது கண்ணை உறுத்துகிறது, எடுக்கச் சொல்ல முடியுமா என்று கேட்ட ஒரு அம்மாள். மழையில் எப்படி என்று நானாக ஆரம்பித்தால், "அப்ப நாங்க இங்க எதுக்கு இருக்கப்போறோம்?" என்று சிரிப்பார்கள். வருஷத்தில் சில நாள் வந்து கிடந்துவிட்டுப் போகிறவர்களுக்கு சுவர் அழுகினால் என்ன, வேறு ஆளை வைத்து அடித்துக்கொள்வார்கள். அவர்களை வைத்துத்தான் நானும் இத்தனை நாள் என் மனசைத் தட்டித் தூங்க வைத்திருந்தேன்.

இந்தத் தடவை வந்திருப்பவர்கள் அந்த ரகம் இல்லை. ஒரு தையல்காரம்மா, அவருடைய புருஷன். அந்த அம்மா தையல் கடை வைத்து நடத்தி, வயசானதும் கடையை இன்னொருத்தரிடம் கொடுத்துவிட்டார், புருஷன் மர அறுவை மில்லில் வேலை பார்த்து நெஞ்செல்லாம் தூசியாகி, நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறவர். லீவுக்கு வந்த இடத்தில் அவருக்கு இருமல் அடங்கிவிட்டதாம். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார், "இவர் நிம்மதியா தூங்குறாரு, இத்தனை வருஷமா பக்கத்துல இருமல் சத்தம் கேட்டுக் கேட்டு, அது இல்லாம எனக்குத்தான் தூக்கம் வரல." மனுஷர் உடனே, "அப்ப நான் வேணா இருமவா?" என்கிறார். இங்கேயே குடியிருப்பது என்று முடிவு செய்து, ஊரில் இருந்த வாடகை வீட்டைக்கூடக் காலி பண்ணிவிட்டார்கள், சாமான் எல்லாம் சொந்தக்காரர் வீட்டில் கிடக்கிறது. விடுதிப் பக்கம் ஒரு சின்ன அறையில் தங்கியிருக்கிறார்கள். நாளை மறுநாள் பத்திரப் பதிவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வருத்தப்படாதே. பெரியப்பா கேட்டார் என்று அவருடைய வெப்சைட்டுக்கு நீ எழுதிக் கொடுத்தாயே, "கடல் காற்றில் கண் விழியுங்கள்" என்று, அந்த வரியைப் பார்த்துத்தான் ஆபீசைத் தேடி வந்தார்களாம். அந்த அம்மா அதைப் பாட்டு மாதிரி சொல்லிக் காட்டினார். உன் எழுத்து என்று பெருமைப்பட வேண்டிய இடத்தில் எனக்குக் குமட்டியது. கண் விழிக்கிற நேரத்தில் அங்கே அடிப்பது கடல் காற்று இல்லை என்று உனக்குத் தெரியாது, விளம்பர ஆபீசில் எல்லாப் பொருளுக்கும் எழுதுகிற மாதிரி இதற்கும் எழுதினாய். எனக்குத் தெரியும், படித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

நேற்றுச் சாயங்காலம், காற்று நன்றாக வீசுகிற நேரமாகப் பார்த்து இரண்டாம் தடவை வீட்டைக் காட்டினோம். பெரியப்பாவும் வந்திருந்தார். அந்த அம்மா கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து ஒவ்வொரு ஜன்னலாகத் திரைச்சீலைக்கு அளவெடுத்தார், குறித்துக்கொள்ளவில்லை, வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார். சுவரில் மூக்கை வைத்து, "புது பெயிண்ட் வாசனைன்னா எனக்கு உசிரு" என்றார். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பி, "நீங்க இந்த ஊர்க்காரங்க, நீங்க சொல்லுங்க, மழைக்காலத்துல இங்க எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டுவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா, "அமைதின்னா அமைதி அப்படி ஒரு அமைதிம்மா, தெருவுல ஒரு ஈ காக்கா இருக்காது" என்றார். அந்த மனுஷர் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். நான் சிரித்தேன் மகளே, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன். அடுத்து அந்த அம்மா, இவர் படுத்துக்கொண்டே கடலைப் பார்க்கிற மாதிரி கட்டிலைப் போட வேண்டும், இந்த அலமாரியை எதிர்ச்சுவருக்கு நகர்த்தலாமா என்று அதன் மேல் கையை வைத்தார். அப்பா எப்போதும் அலமாரியைச் சுற்றித்தான் பெயிண்ட் அடிப்பார், பின்னால் அடிப்பதில்லை, அடித்தாலும் நிற்காது என்று அவருக்குத் தெரியும். பெரியப்பா அலுங்காமல் குறுக்கே வந்து, "நீங்க எதுக்கும்மா கஷ்டப்படுறீங்க, நாளைக்கு ஆள் வச்சு நாங்களே நகர்த்தித் தர்றோம்" என்று சொல்லி அவர் கையை எடுக்க வைத்தார். அப்படித்தான் இன்று காலை நான் அங்கே மண்டியிட வேண்டி வந்தது.

அவர்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்ததும் நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. "மாமா, இவங்க லீவுக்கு வர்றவங்க இல்ல, குடியிருக்கப் போறாங்க, அந்த மனுஷனுக்கு நெஞ்சு சரியில்ல, மழையில டாக்டர்கூட இல்லாத ஊர் இது" என்றேன். "ஏம்மா, நான் பொய் சொன்னேனா? ஈ காக்கா இருக்காதுன்னேன், இருக்கா? டாக்டர் இருக்காருன்னு என்னைக்காவது சொன்னேனா? கேக்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல நான் என்ன டீச்சரா, அது நீ, அந்தப் பள்ளிக்கூடமும்தான் மூடிட்டாங்களே" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, அப்பாவுக்குப் பல் வலிக்கு நல்லது என்று ஒரு பெரிய டப்பா ஐஸ்கிரீம் வாங்கி என் கையில் கொடுத்து அனுப்பினார். உனக்குச் சின்ன வயசில் காய்ச்சல் கண்டு வலிப்பு வந்தபோது செருப்புகூடப் போடாமல் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய மனுஷர் அவர். கெட்டவராக இருந்துவிட்டால் ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். அந்தத் தோளும் இந்த வாயும் ஒரே ஆளிடம் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். பஞ்சைத் துப்பிவிட்டு, "அண்ணன் பொழப்புல கை வைக்காத, எனக்கு ஒரு பல்லு போனது போதும், மிச்சத்தையும் அவர் கையால உடைக்கணுமா?" என்றார். பிறகு சமாதானமாக, "ரெண்டு கோட்டிங் குடுத்துட்டா ஒண்ணும் தெரியாதுடி" என்றார். "கண்ணுக்குத் தெரியாது, அந்த ஆளு நெஞ்சுக்குத் தெரியும்" என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை, அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அவருக்குப் பழக்கமே இல்லை. ஆனால் காலையில் நான் செய்துவிட்டு வந்த வேலையைப் பார்த்தால் அவரே அசந்துபோவார், அவ்வளவு சுத்தம். அடிப்பூச்சுக்கு மேல் இன்று மாலை ஆள் வந்து ஒரு கை அடித்துவிட்டால், அந்த அம்மா சுவரோடு மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. வாயால் சொன்னால்தான் தெரியும் என்கிற நிலைக்கு நானே அதைத் தேய்த்துக் கொண்டுவந்து விட்டிருக்கிறேன்.

மற்றபடி இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, யார் என்ன எண்ணெய் சொன்னாலும் தடவிப் பார்க்கிறார், பக்கத்தில் போனால் மெக்கானிக் கடை வாசனை. நீ போன மாதம் அனுப்பிய போட்டோவில் கழுத்தெலும்பு தெரிகிறது, ராத்திரி பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்கிற பழக்கத்தை விடு. புது வாடகை வீடு பார்க்கிறேன் என்றாயே, ஒரே தடவை பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லாதே. காலையில் ஒரு தடவை போ, மழை பெய்யும்போது ஒரு தடவை போ. காட்டுகிறவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அலமாரியை நகர்த்திப் பார்க்காமல் வராதே, நகர்த்த விடாவிட்டால் அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிடு. பெரியப்பா உன்னிடம் இன்னும் நாலு வரி எழுதித் தரச் சொன்னால், ஆபீசில் வேலை அதிகம் என்று சொல்லித் தட்டிக்கழித்துவிடு, மறந்துவிடாதே. எந்த ஊரில் இருந்தாலும் நல்ல மூச்சும் நல்ல தூக்கமும் உனக்குக் குறையாமல் இருக்கட்டும், உன் வாயிலிருந்து வரும் வார்த்தைக்காக நீ தலை குனியும் நாள் வராமல் இருக்கட்டும், அம்மா வேறென்ன வாழ்த்த.

கடைசியாக ஒன்று. நாளைக் காலை ஆபீசுக்குப் போகாமல் நேராக அந்தத் தையல்காரம்மா தங்கியிருக்கும் அறைக்குப் போகப்போகிறேன். சாக்கடைத் தண்ணீரிலிருந்து அலமாரிக்குப் பின்னால் நான் சுரண்டியது வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிடப்போகிறேன். போக்கிடம் இல்லாமல் இரண்டு பேரும் விழிப்பார்கள், அதனால் வேறு நல்ல வீடு அமையும்வரை மேட்டில் நம் வீட்டு மாடியில், உன் அறையில் வந்து இருங்கள் என்றும் கூப்பிடப்போகிறேன். படி ஏற அவருக்குக் கஷ்டம்தான், நின்று நின்று ஏறட்டும். பெரிய மனசு என்று என்னைப் பற்றி நினைத்துவிடாதே, இரக்கமாக இருந்தால் நேற்று அந்த அம்மா கேட்ட இடத்திலேயே சொல்லியிருப்பேன், இது வெறும் குமட்டல், வாந்தி எடுக்காமல் தீராது என்கிற நிலை. பெரியப்பா இனி நம் வாசலை மிதிக்காமல் போகலாம், என் வேலையும் அப்பாவின் வேலையும் ஒரே நாளில் போகலாம், அப்பா எத்தனை நாள் என்னோடு பேசாமல் இருப்பார் என்று தெரியவில்லை. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன், அறை உன்னுடையது என்பதால். அனுமதி கேட்டு எழுதவில்லை, அவர்கள் மட்டும் வருகிறேன் என்று சொல்லிவிட்டால், இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது அந்த மனுஷர் உன் கட்டிலில் தூங்கிக்கொண்டிருப்பார்.

உன்
அம்மா